நாம் இரண்டு பேரும் சாப்பிட்ட மாத்திரை

எர்ணாவூர்
17.6.2001

அன்புள்ள ராஜாத்திக்கு,

ஜெய்பீம். அக்கா அன்புக்கரசி எழுதுகிறேன். மாமனார், உன் பெரிய மாமா, குழந்தை செங்கொடி எல்லோரும் சுகம். உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று முதலில் எழுது. மற்றதெல்லாம் பிறகு.

தீனாவுக்கு விசாகப்பட்டினம் துறைமுகத்தில் வேலை கிடைத்து நீங்கள் கிளம்பியதும், நடுவில் கட்டியிருந்த புடவையை அவிழ்த்துவிட்டேன். இந்த ஒற்றை அறையில் இரண்டு ஜோடி எப்படிக் குடித்தனம் நடத்தினோம் என்று இப்போது நினைத்தால் எனக்கே திகைப்பாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை தங்கபுஷ்பம் அக்கா கடைக்கு நீ போன் செய்தபோது என்னால் ஒழுங்காகப் பேச முடியவில்லை. பருப்பு நிறுக்கிற சாக்கில் அந்த அம்மா காதை என் பக்கமே வைத்திருந்தது. நீ "நின்னு நாலு மாசமாச்சுக்கா" என்றாய். நான் "அப்படியா, இங்கயும் மழையில்ல" என்றேன். நீ சிரித்தாய். ஆனால் அது சிரிப்பாக எனக்குக் கேட்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

தனி வீடு கிடைக்கிற வரைக்கும் பிள்ளை வேண்டாம் என்று இரண்டு பேரும் சேர்ந்துதான் முடிவு செய்தோம். ஆனால் மாத்திரை அட்டையை உன் கையில் கொடுத்தது நான். இறால் கம்பெனியில் தலைவலி தாங்காமல் நீ சுவரில் சாய்ந்து நின்றபோது, "கொஞ்ச நாள் பொறுத்துக்க, பழகிடும்" என்றதும் நான்தான். மாத்திரையை விட்ட அடுத்த மாதமே எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்றேன். ஆகவில்லையே. வேலைக்கு ராயபுரம் போகிற ரயிலில் தினமும் இதே நினைப்பு. நல்ல டாக்டராகப் பார். இந்த அக்காவை மன்னித்துவிடு.

அன்புடன்,
அன்புக்கரசி


விசாகப்பட்டினம்
2.7.2001

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை ராஜாத்தி எழுதுவது. உங்கள் கடிதம் கிடைத்தது. மழைக் கதையை அவரிடம் சொன்னேன், வயிறு வலிக்கச் சிரித்தார்.

டாக்டரிடம் போனோம். அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, எனக்குத் தெலுங்கு வராது, நடுவில் உங்கள் கொழுந்தன். டாக்டர் ஏதோ கேட்டார். இவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "கடைசியா எப்ப வந்துச்சுன்னு கேக்குறாங்க" என்றார்.

"இன்னாது வந்துச்சு?" என்றேன் வேண்டுமென்றே.

"அதாம்மே. பேஜார் பண்ணாத."

நர்ஸுக்குத் தமிழ் தெரியும் போல. வாயைப் பொத்திக்கொண்டது.

அதற்குப் பிறகு சிரிப்பு இல்லை. மாத்திரை யார் கொடுத்தது என்று டாக்டர் கேட்டதற்கு இவர் "அண்ணி" என்று சொல்லிவிட்டார். வீடு வரும் வரைக்கும் எங்களுக்குச் சண்டை. "அண்ணி இன்னா என் வாயத் தொறந்தா ஊத்துச்சு? நானாதான முழுங்கினேன்?" என்றேன்.

ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தமும் எடுத்தார்கள். மாத்திரையால்தான் இப்படி என்று அடித்துச் சொல்ல முடியாதாம். என் உடம்பில் முன்பே கோளாறு இருந்திருக்கலாமாம். மாத்திரை சாப்பிட்ட வரைக்கும் மாதாமாதம் வந்துகொண்டிருந்ததால் அது வெளியே தெரியாமல் இருந்திருக்கலாமாம். சிலருக்கு விட்ட பிறகு உடம்பு தானாக நடக்கப் பல மாதம் ஆகுமாம். தலைவலியை மட்டும் அப்போதே டாக்டரிடம் சொல்லியிருக்க வேண்டும் என்று கோபித்துக்கொண்டார்.

தலை சீவினால் சீப்பு நிறைய முடி. தாடையில் பரு, வயசுக்கு வந்த பெண் மாதிரி. சோறு வடிக்கும்போது காரணமே இல்லாமல் அழுகை வருகிறது. நீங்கள் மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதீர்கள் அக்கா. நீங்களும் அதே அட்டையில்தானே சாப்பிட்டீர்கள்? தெரிந்தா செய்தீர்கள்?

தங்கை,
ராஜாத்தி


எர்ணாவூர்
5.8.2001

அன்புள்ள ராஜாத்திக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன். டாக்டர் அப்படிச் சொன்னாரா, இல்லை, என்னைத் தேற்றுவதற்காக நீயே சேர்த்து எழுதினாயா? எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது. நீ அப்படிச் செய்யக்கூடிய ஆள்.

தீனாவைத் திட்டாதே. கேட்டதற்கு உள்ளதைத்தான் சொன்னான். எத்தனை நாள் என்னை "அண்ணி" என்று வாய் நிறையக் கூப்பிட்டவன். டாக்டர் முன்னால் அந்த வார்த்தை எப்படி வந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன்.

தீனாவின் சிநேகிதர் லாரி அங்கே வருகிறதாம். கரிசலாங்கண்ணி போட்டுக் காய்ச்சிய எண்ணெயும் நெத்திலிக் கருவாடும் கொடுத்தனுப்புகிறேன். எண்ணெய் தேய்த்தால் முடி வளருமோ என்னவோ, வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

நான் இறால் கம்பெனியை விட்டுவிட்டேன். ஐஸ் தண்ணீரில் நிற்க முடியவில்லை, நெடியும் ஒத்துக்கொள்ளவில்லை. வேறு விசேஷம் ஒன்றுமில்லை.

எத்தனை தடவை கேட்டாலும் எனக்குத் தீராது. மன்னித்துவிடு ராஜாத்தி.

அன்புக்கரசி


விசாகப்பட்டினம்
20.8.2001

அக்காவுக்கு,

எண்ணெய் வந்தது, கருவாடு வந்தது. உங்கள் கடிதத்தில் வராத சேதியும் வந்துவிட்டது.

பெரிய மாமா தன் தம்பிக்குப் போன் செய்து, "உங்க அண்ணி முழுவாம கீது. அஞ்சு மாசம். ராஜாத்தியாண்ட சொல்லாத" என்றாராம். இவர் வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிசைந்த சோறு கூழாகிவிட்டது. "இன்னா சமாச்சாரம், சொல்லு" என்று பிடுங்கினேன். சொல்லிவிட்டார்.

பொய் சொல்ல மாட்டேன் அக்கா. கேட்டதும் வயிறு எரிந்தது. ஒரே மாத்திரை, ஒரே சமயத்தில்தான் விட்டோம். உங்களுக்கு ஏற்கனவே செங்கொடி இருக்கிறாள். குழாயடிக்குப் போய்க் குடத்தை வைத்துவிட்டு, அது நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்து வீட்டுக்காரி தெலுங்கில் கத்தின பிறகுதான் குழாயை மூடினேன்.

அந்த எரிச்சல் ராத்திரிக்குள் அடங்கிவிட்டது. அடங்காதது வேறு. ஒவ்வொரு கடிதத்திலும் நீ மன்னிப்புக் கேட்கிறாய். ஒவ்வொரு தடவையும் நான் "பரவாயில்லை அக்கா, உங்கள் மேல் தப்பில்லை" என்று எழுத வேண்டியிருக்கிறது. நோய் எனக்கு, ஆறுதல் உனக்கு. தலைவலியோடு உட்கார்ந்து உன்னைத் தேற்றி எழுதி எனக்கு அலுத்துவிட்டது. இவ்வளவு மன்னிப்புக் கேட்கிறவள், வயிற்றில் இருப்பதைச் சொல்லவில்லையே. வேறு விசேஷம் ஒன்றுமில்லை என்று எப்படி எழுதினாய்?

கோபத்தில் நீ என்று எழுதிவிட்டேன். அடித்துத் திருத்தப் போவதில்லை.

ராஜாத்தி


எர்ணாவூர்
2.9.2001

அன்புள்ள ராஜாத்திக்கு,

நீ என்றே எழுது. அதுதான் நன்றாக இருக்கிறது.

உனக்கு முதல் கடிதம் எழுதியபோதே எனக்குத் தெரியும். அந்த வாரம் யாருக்கும் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன், கலைத்துவிடலாம் என்று. உன் முன்னால் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கிற தைரியம் எனக்கு இல்லை. டாக்டர், "ஏம்மா வேணாங்கற? வூட்ல தொந்தரவா?" என்று கேட்டார்.

"இல்லீங்க."

"உடம்புக்கு முடியலியா?"

"நல்லாதான் கீறேன்."

"பின்ன இன்னாத்துக்கு?"

என் ஓரகத்திக்கு இல்லை, அதனால் எனக்கும் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அந்த அம்மா கேட்கக் கேட்க, இதைச் செய்துவிட்டு வந்தால் அதையும் உன் தலையில்தான் கொண்டுவந்து வைப்பேன் என்று தோன்றியது. உனக்காகச் செய்தேன் என்று எழுதியிருப்பேன். நீ என்ன ஆகியிருப்பாய்? எழுந்து வந்துவிட்டேன். வந்தேனே தவிர, உனக்குச் சொல்ல வாய் வரவில்லை.

இந்தத் தடவை உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். டிசம்பர் கடைசியில் பிரசவம் என்கிறார்கள். எனக்கு அம்மா இல்லை என்பது உனக்குத் தெரியும். மாமனாருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. செங்கொடியைப் பள்ளிக்கூடம் அனுப்ப, எனக்கு வெந்நீர் வைத்துக் கொடுக்க ஆள் இல்லை. நீ வருவாயா? உன்னைச் சமாதானப்படுத்தக் கூப்பிடவில்லை. எனக்கு ஆள் வேண்டும், நீ இருந்தால் எனக்குப் பயம் இருக்காது, அதனால் கேட்கிறேன். முடியாது என்றால் முடியாது என்று எழுது.

அக்கா,
அன்புக்கரசி


விசாகப்பட்டினம்
23.9.2001

அன்புள்ள அக்காவுக்கு,

டாக்டர் மாத்திரை கொடுத்தார். கேட்டால் இதுவும் அந்த வகைதானாம். உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இவர் தண்ணீர் டம்ளரோடு பக்கத்திலேயே நின்றார். விழுங்கினேன். போன வாரம் வந்தது. மாத்திரையால் வருவது சேர்த்தி இல்லை, தானாக வர வேண்டும் என்கிறார் டாக்டர். ஆனாலும் இவர் ஸ்வீட் வாங்கி வந்துவிட்டார். எதற்கு ஸ்வீட் என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டபோது இரண்டு பேரும் திருதிருவென்று விழித்தோம். தலைவலி குறையவில்லை. முடியும் கொட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

ஆஸ்பத்திரி வரை போனதை எழுதினாய். திரும்பி வந்தாயே, அது போதும்.

பிரசவத்துக்கு நான் வர மாட்டேன் அக்கா. வருகிறேன் என்று எழுதி, மடித்து, கிழித்துப் போட்டேன். பிறந்த குழந்தையை நீ என் கையில் கொடுத்தால் என் முகம் எப்படிப் போகும் என்று எனக்கே தெரியாது. அதை நீ பார்க்க வேண்டாம். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்.

ஆனால் நீ ஆள் இல்லாமல் இருக்க வேண்டியதில்லை. வியாசர்பாடிக்குப் போன் போட்டு என் அம்மாவிடம் கேட்டேன். "உன் பொயப்பக் கெடுத்தவளுக்கு நான் வெந்நீ வெக்கணுமா?" என்று ஒரு பாட்டம் கத்தித் தீர்த்தது.

"கெடுத்துச்சுன்னு உனக்கு யாரு சொன்னது? நான் சொன்னனா?" என்றேன்.

அப்புறம், "அவளுக்கு நாள் எப்ப?" என்று கேட்டது.

டிசம்பர் பிறந்ததும் வந்துவிடும். வாய் நீளம், கை சுத்தம். திட்டினால் காதில் வாங்காதே. மாமனாரோடு சண்டை போடாமல் பார்த்துக்கொள்.

குழந்தை பிறந்ததும் சேதியை நீயே உன் கையால் எழுது. பெரிய மாமா போனில் சொல்ல வேண்டாம். என்ன குழந்தை, யார் ஜாடை என்று எல்லாம் எழுது, எதையும் மறைக்காதே. உடனே பதில் வராவிட்டால் பயப்படாதே. உட்கார்ந்து எழுத எனக்குச் சில நாள் ஆகும், வேறொன்றுமில்லை.

உன் தங்கை,
ராஜாத்தி