சாட்சிக்கு முந்திய சத்தம்

பாத்தாம் தீவு

அப்பாவுக்கு எல்வீராவின் சலாம். மூட்டுவலி தேவலையா? நான் சுகம்.

நேற்று என்னோடு ஆலையில் வேலை பார்க்கும் தெஸ்மித்தாவுக்கு நிக்காஹ். ஒரே மூச்சில் சொல்லவேண்டிய சம்மதத்தைச் சொல்கையில் மாப்பிள்ளை இரண்டு தடவை திக்கினார். மூன்றாம் தடவை சொல்லி முடித்தாரோ இல்லையோ, நிக்காஹ் செல்லும் என்பதற்குச் சாட்சிகள் "சாஹ்" சொல்லுமுன் நானே "சாஹ்!" என்று கத்திவிட்டேன். கூடமே சிரித்தது.

"ஏம்மா, உன் நிக்காஹுலயாவது சாட்சிக்காரங்களப் பேச விடு!" என்றார் காஜி.

கருவாட்டுச் சம்பல் அனுப்புங்கள். தனியாகச் சாப்பிட்டால் சோறு இறங்கவில்லை. வேண்டாம், நீங்களே கொண்டுவாருங்கள். ஹெந்த்ரி என்று ஒருவர் இருக்கிறார். பாருங்கள், பேசுங்கள். ஊரே "சாஹ்" என்று கத்தினாலும், அவர் கையைப் பிடித்து "என் மகளைத் தந்தேன்" என்று நீங்கள் வாய் திறக்காமல் எனக்கு எதுவும் செல்லாது, அப்பா.

ஷிப்ட் மணி அடித்துவிட்டது. சம்பலில் காரம் தூக்கலாக இருக்கட்டும், அவருக்கும் பிடிக்கும்.

எல்வீரா