மூன்றாம் அங்கத்தின் கேப்டன்

4 பிப்ரவரி 1963, திங்கள்

எழுந்ததும் முதல் வேலை, சாமுவின் காலுக்கு வெந்நீர் வைத்தது. பனி. எதிர் வீட்டுக் கூரைகூடத் தெரியவில்லை. கட்டு மாற்றும்போது அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். விரல்கள் இல்லாத இடத்தைப் பார்க்காமல் துணி சுற்ற நானும் பழகிவிட்டேன். ராணுவ ஆஸ்பத்திரியிலிருந்து தம்பி வந்ததிலிருந்து சீனச் சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கேட்கவும் பயம்.

வாங்க: பஞ்சு, டெட்டால், ரொட்டி, சிவப்பு மை.

மாலை சர்ச் ஹாலில் ஒத்திகை. யுத்த நிதிக்காக காக்ஸ் டவுன் நாடக சபை போடும் நாடகம். எழுதியது நான். சனிக்கிழமை மேடை. கேப்டன் வேஷம் ஞானப்பிரகாசம். தபாலாபீஸ் குமாஸ்தா, சபைக்குச் செயலாளரும் அவரே. வசனம் பாடம் பண்ணும் வழக்கமே கிடையாது. படுதாவுக்குப் பின்னால் நின்று நான் எடுத்துக் கொடுக்க வேண்டும்; காதில் விழுவதை அப்படியே முழங்குவார். "நீங்க பிராம்ப்ட் பண்ண இருக்கறப்ப எனக்கு எதுக்கு மிஸ் ஞாபகசக்தி?"

முடிவில் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். சாமுவைத் தலைமை தாங்க அழைக்கப் போகிறாராம். வழக்கம்போல இரண்டாம் அங்கம் முடிந்ததும் மாலை, மேடைப் பேச்சு. அதன் பிறகு, முன் வரிசையில் உட்கார்ந்து மூன்றாம் அங்கம் பார்க்க வேண்டும். கேப்டன் இறங்க மறுத்து மலையிலேயே சாகிற அங்கம்.

பிரதியைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

5, செவ்வாய்

ஞா. காலையிலேயே வந்துவிட்டார், கையில் ஆரஞ்சுப் பழம். சாமு உடனே ஒப்புக்கொண்டான். போகவேண்டியதில்லை என்று பிறகு சமையலறையில் சொன்னேன்.

"வரலேன்னா என்ன பேசுவாங்கன்னு எனக்குத் தெரியும், அக்கா."

அதற்கு முன் ஒரு வேடிக்கை. உத்தரவு கொடுக்கும்போது கேப்டன் எப்படி நிற்பார், கை எங்கே இருக்கும் என்று ஞா. எழுந்து நின்று காட்டிக் கேட்டார். நிற்கவே மாட்டோம், படுத்தபடி பக்கத்து ஆள் காதில் சொல்வோம், அவன் அடுத்தவனுக்குச் சொல்வான் என்றான் சாமு. ஞா. ரொம்ப யோசித்தார். "அது சரி சார். கடைசி பெஞ்சுக்குக் கேக்காதே."

சாமு சிரித்தான். வந்ததிலிருந்து இப்போதுதான்.

ரொட்டிக் கடையில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள்.

"மிஸ்ஸோட தம்பி மட்டும் வந்துட்டாராமே. மத்தவங்க கடைசி வரைக்கும் நின்னாங்களாம்."

"நமக்கு எதுக்கு, சும்னே இரு."

என்னைப் பார்த்ததும் பன் இன்றைக்குச் சுட்டதா என்று கடைக்காரரைக் கேட்டார்கள்.

7, வியாழன்

நேற்று எழுதவில்லை. தலைவலி.

பி.ஏ. சரித்திர விடைத்தாள்கள். பாதிப் பெண்கள் தளபதிகளின் பெயரை வரிசையாக எழுதி, ஜெயித்தார், தோற்றார் என்று முடித்துவிட்டார்கள். வேறு எப்படி எழுதுவார்கள்? நான் சொல்லிக்கொடுத்ததே அப்படித்தான்.

சாமு நாடகப் பிரதியைக் கேட்டு வாங்கிப் படித்தான். வெயிலில் நாற்காலி போட்டு, காலை நீட்டி, நிதானமாக. நான் உள்ளே பீன்ஸ் நறுக்கினேன், விரலையும்.

"அக்கா, மூணாவது அங்கத்துல அவன் ஏன் இறங்கல?"

உத்தரவு வரவில்லையே என்றேன்.

"எனக்கும் வரல."

பிறகு தானாகவே சொன்னான். வயர்லெஸ் முன்தினமே செத்துவிட்டது. துப்பாக்கிக்கு ரவை இல்லை. பனியில் பையன்களுக்குக் கான்வாஸ் ஷூ. மேலிடத்தைக் கேட்க வழியில்லாமல் இவனே முடிவு செய்திருக்கிறான். "பொழுது விடியறதுக்குள்ள எல்லாரும் கீழ இருக்கணும். நடக்க முடியாதவனை முதல்ல தூக்குங்க. அவ்வளவுதான் அக்கா நான் பேசினது." முக்கால்வாசிப் பேர் வந்து சேர்ந்தார்கள். மீதிப் பேரின் பெயர்களையும் சொன்னான். ஒரு பெயரில் நிறுத்தி, தண்ணீர் கேட்டான். விசாரணைக்குக் கூப்பிடுவார்களாம்.

பிரதியைத் திருப்பித் தரும்போது, "நல்லா எழுதியிருக்கே" என்றான். கிண்டல் இல்லை. இருந்திருக்கலாம்.

8, வெள்ளி

குளிர் குறையவில்லை. கல்லூரிக்கு லீவு சொல்லி அனுப்பினேன்.

அந்த மூன்றாம் அங்கத்தை எழுதிய நாட்கள் நினைவுக்கு வருகின்றன. சாமுவிடமிருந்து தகவலே இல்லை. ஞா. தினம் மாலை ஆபீஸ் விட்டதும் வாசலில் நின்று, "இன்னிக்கும் ஒண்ணும் வரல மிஸ்" என்று, தன் தப்புபோலச் சொல்லிவிட்டுப் போவார். நான் உள்ளே வந்து எழுதுவேன். செத்திருந்தால் இப்படிச் செத்திருக்கட்டும் என்று. வராத தந்திக்கு முன்கூட்டியே ஆறுதல். அவன் உயிரோடு வந்து நிற்கிறான். என் நாடகத்தில் அவனுக்கு இடமில்லை.

முடிவை மாற்றலாமா என்று ஒத்திகையில் கேட்டேன். டிக்கெட் எல்லாம் போய்விட்டது, மாற்ற நேரமில்லை என்றார் ஞா. பிறகு: "கேப்டன் சாகலேன்னா ஜனங்க எந்திரிச்சி நிப்பாங்களா மிஸ்? நம்ம சாருக்குப் பண்ற மரியாதை இது." மனதாரச் சொல்கிறார். கோபப்படவும் முடியவில்லை.

சாமு செய்தது சரியா? தெரியாது. கீழே வந்து சேராதவர்களுக்கும் அக்காக்கள் இருப்பார்கள். அவர்கள் எதை நம்ப விரும்புவார்கள்? ஒருவேளை என் மூன்றாம் அங்கத்தைத்தான்.

ஆனால் நாளை முன் வரிசையில் உட்காரப் போவது இவன். இப்போது யூனிஃபாரத்துக்கு இஸ்திரிப் பெட்டி போடுகிறான். பெல்ட்டுக்குப் பாலிஷ் எங்கே என்று கேட்கிறான். பேச்சு எழுதிவிட்டாயா என்றேன். "நன்றி, வணக்கம். போதாதா?"

ஞானத்துக்கு நான் செய்யப்போவது துரோகம்தான். என் குரலை நம்பி மேடை ஏறுகிற மனுஷன். கோபித்துக்கொண்டு சபையை விட்டே என்னைத் தள்ளலாம், தள்ளட்டும். திரை இழுக்கிறவர் என் கைச்சாடையைத்தான் பார்ப்பார். படுத்துக் கிடக்கும் சிப்பாய்ப் பையன்கள் ஒருவரை ஒருவர் தூக்குவதற்குள் திரையை விட்டுவிடலாம்.

பிரதியில் எதையும் அடிக்கவில்லை. நாளை கேப்டன் எழுந்து நின்று என் பக்கம் காதைச் சாய்க்கும்போது, இறங்கச் சொல்லப் போகிறேன். சாமு சொன்ன அதே வார்த்தைகளில். கடைசி பெஞ்சுக்கும் கேட்கும்.