ஈரலுக்கு நல்லது

என் அருமை அண்ணனுக்கு,

முந்தாநாள் நடந்த உங்கள் முதலாண்டு நினைவுப் பூசைக்கு வருகிறவர்கள் கையில் என்ன கொடுப்பது என்ற கேள்விக்கு ஒருவழியாக விடை கிடைத்தது. குடும்பத்துப் பெரியவர்கள் கூடிப் பேசி, இரண்டு சுற்று டீக்குப் பிறகு, எவர்சில்வர் கிண்ணத்தைத் தோற்கடித்து ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தது மணத்தக்காளி வற்றல். பாக்கெட்டின் மேல் உங்கள் படம்.

"ஈரல் கெட்டுச் செத்தவன் பேர்ல ஈரலுக்கு நல்லதைக் குடுக்குறதுதான் முறை" என்றார் சித்தப்பா.

"அதைத்தானே சித்தப்பா அண்ணன் தினம் தின்னாங்க?" என்றேன்.

"விட்டு விட்டுத் தின்னுருப்பான், பாப்பா."

நீங்கள் விட்டதே இல்லை. சாயங்காலம் ஆபீஸ் முடிந்து பாரில் உட்கார்ந்ததும் முதலில் வருவது பொரித்த வற்றல், அப்புறம்தான் பாட்டில். கடலோரத்தில் இப்படி ஓர் ஊர், நம்முடையது. பக்கத்து மாவட்டத்திலிருந்தெல்லாம் பஸ் ஏறி வந்து மலிவாகக் குடித்துப் போகிறார்கள். அவர்களெல்லாம் மடையர்கள், பாதுகாப்பில்லாமல் குடிக்கிறார்கள் என்பீர்கள்.

மணத்தக்காளிச் சாற்றில் எலியின் ஈரல் தேறுகிறது என்று எங்கோ படித்துவிட்டு வந்து எனக்கு விளக்கினீர்களே, ஞாபகம் இருக்கிறதா? மனிதர்களிடம் இன்னும் உறுதியாகவில்லை என்று அதன் கீழேயே எழுதியிருந்திருக்கும். அதைப் படிக்குமுன் பாருக்குப் போகும் நேரம் ஆகிவிட்டதோ? அந்த எலிகளும் தினமும் சாயங்காலம் பாருக்குப் போயினவா என்று நான் கேட்டபோது, "உனக்கு எல்லாம் கிண்டல்" என்றீர்கள்.

ஒன்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. கடைசி நாளில் உங்கள் நாடி இறங்கியபோது ஒரு ஊசி போட்டார்கள். அட்ரோபின். ஊமத்தையில் இருக்கிற சரக்கு. ஊமத்தையும் உங்கள் மணத்தக்காளியும் ஒரே குடும்பம். சின்னக் குப்பியிலிருந்து அளந்து எடுத்தார்கள். நாடி சற்று ஏறவும் செய்தது. அந்தக் குடும்பத்துச் செடிகளில் மருந்து இருக்கிறது என்று நீங்கள் சொன்னதில் பொய்யே இல்லை, அண்ணே. எந்த நோய்க்கு, எவ்வளவு என்பதை மட்டும் நீங்களே முடிவு செய்துகொண்டீர்கள்.

நம் தம்பி சேவியரும் இப்போது முடிவு செய்துகொண்டிருக்கிறான். கிளிஞ்சல்மேட்டு ஐஸ் கம்பெனியில் நீங்கள் பார்த்த அதே ஆபீஸ் வேலைதான். வேலை முடிந்ததும் நீங்கள் போன அதே பார். காலையில் மட்டும் மணத்தக்காளிக் கீரையை மிக்சியில் அடித்து ஒரு டம்ளர் குடிக்கிறான். டாக்டரிடம் போகலாம் என்றால் சிரிப்பான். "அண்ணன் வத்தலாத் தின்னாரு, சத்தெல்லாம் வெயில்லயே போயிருக்கும். நான் பச்சையாக் குடிக்கிறேன். அவரு பண்ணுன தப்ப நான் பண்ணலக்கா."

பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் அவன்தான் பாக்கெட்டுகளை நீட்டிக்கொண்டிருந்தான். ஒவ்வொருவரிடமும், "ஈரலுக்கு நல்லதுங்க." அண்ணி வந்து முன்னால் நின்றார்கள்.

"கண்ணக் காட்டு."

"வெயில்ல நின்னேன் அண்ணி."

"வெயில்ல நின்னா சிவக்கும்டா. மஞ்சளாவா ஆகும்?" அவன் வேட்டியைச் சற்று விலக்கிக் காலைப் பார்த்தார்கள். வீங்கியிருந்தது. "உங்க அண்ணனும் செருப்பு பத்தலன்னுதான் சொன்னாரு."

சித்தப்பா மட்டும் கீரையை இருவேளையாக்கச் சொன்னார்.

நேற்று நானும் அண்ணியும் அவனை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். வழி நெடுக எங்கள் அறியாமையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தான். பேச்சில் அப்படியே நீங்கள். அண்ணி வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்கள். பார்த்தவுடனேயே அவனைப் படுக்கையில் சேர்த்துக்கொண்டார்கள்.

அவனைக் காப்பாற்றிவிடுவேன் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க நான் யார்? என்னால் முடிந்ததைச் சொல்கிறேன். அவன் கட்டிலைவிட்டு நகர மாட்டேன். பச்சையாக எதையாவது பாட்டிலில் ஊற்றிக்கொண்டு யார் வந்தாலும், சித்தப்பாவே வந்தாலும், வராந்தாவிலேயே கொட்டிவிடுவேன்.

இன்று காலை, இங்கே முடியாதென்று, அவனைப் பாண்டிச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

உங்கள் தங்கை,
ரோசலின்