ஆறாம் கவுன்ட்டரில் இரண்டு பாஸ்போர்ட்

மார்ச் 4, செவ்வாய்

குடியேற்ற அலுவலகத்துக்கு மறுபடியும் போனோம். விசா நீட்டிப்பு இன்னும் பரிசீலனையில் இருக்கிறதாம். ஆறாம் கவுன்ட்டர் அம்மாள் எங்களைக் கண்டதுமே மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுகிறாள். சபை ஊழியக்காரர் அல்லவா, என் வீட்டுக்காரர் அவளிடம் நலம் விசாரித்து, முழங்கால் வலிக்காக ஜெபிக்கிறேன் என்று வேறு சொல்லிவிட்டு வந்தார். அவள் முழங்கால் சரியாகிவிடும். எங்கள் விசாதான் நொண்டிக்கொண்டே கிடக்கும்.

ஊரில் எங்கள் மகள் பெரியவளுக்கு மே முதல் வாரம் நாள் சொல்லியிருக்கிறார்கள். தலைப்பிரசவம். அதற்குள் நான் போயாக வேண்டும். பாஸ்போர்ட் இரண்டும் அந்த அலுவலகத்தில் கிடக்கின்றன.

மார்ச் 19, புதன்

மழை. சபைக் கூடத்தில் நான் நடத்தும் தையல் வகுப்புக்கு நாலே பெண்கள். விசா பற்றித் தகவல் ஒன்றுமில்லை.

மார்ச் 28, வெள்ளி

தாமதத்துக்குக் காரணம் தெரிந்துவிட்டது. சாட்சாத் என் வீட்டுக்காரர்தான்! ‘இங்கே எவ்வளவு காலம் தங்க உத்தேசம்?’ என்ற கேள்விக்கு, ‘ஆண்டவர் சொல்லும்வரை’ என்று முத்து முத்தாக எழுதி வைத்திருக்கிறார். என் விண்ணப்பத்தையும் நிரப்பியது அவர்தான். அதிலும் அதே பதில். இதை எப்படிப் பதிவது என்று தெரியாமல் மேசைக்கு மேசை தள்ளிவிட்டிருக்கிறார்கள்.

“உண்மையைத்தானே எழுதினேன்?” என்கிறார்.

“மூணு வருஷம்னு எழுதினா ஆண்டவர் கோவிச்சுக்குவாரா?”

பஸ்ஸில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தேன். பாதி வழியில் சிரிப்பு வந்து தொலைத்தது. அவர் பார்த்துவிடக் கூடாதே என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். திருத்திக் கொடுத்தாயிற்று. இனி எல்லாம் முதலிலிருந்து.

ஏப்ரல் 11, வெள்ளி

பெரியவள் போனில் பேசினாள். “நீ வரலன்னாலும் பரவாயில்லம்மா. இங்க அத்தை இருக்காங்கல்ல.”

பரவாயில்லை என்னும்போது ஏன் குரல் அப்படி இறங்கியது? இவளைப் பெத்தப்போ எங்கம்மா என் தலமாட்டுலயே உக்காந்திருந்தாங்க. நான் எங்க இருக்கேன்? யாருக்கோ சட்டைக்குக் காஜா எடுக்கச் சொல்லிக்குடுத்துக்கிட்டு —

வேண்டாம். எழுத எழுத அழுகை வருகிறது.

ஏப்ரல் 15, செவ்வாய்

கண்ணாடி அம்மாள் இன்று தானாகவே கூப்பிட்டு ஒரு வழி சொன்னாள். விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டால் பாஸ்போர்ட் கையோடு கிடைக்கும். ஆனால் மறுபடி இங்கே வர, ஊரிலிருந்து புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். வருஷக்கணக்கில் இழுக்கலாம். கிடைக்காமலும் போகலாம்.

இருவரும் போய்விட்டால் சபையை யார் பார்ப்பது? அவர் இரவு சரியாகச் சாப்பிடவில்லை.

ஏப்ரல் 16, புதன்

காலையில் சட்டைப் பொத்தானை ஏறுமாறாகப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். “கிளம்பு. உன் பாஸ்போர்ட்டை வாங்கிட்டு வந்துடலாம்.”

“என்னோடது மட்டுமா?”

“என்னோடது அங்கயே இருக்கட்டும்.”

“உங்களுக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாதே!”

“கத்துக்கிறேன். ஆண்டவர் என்னை அழைச்சார்னு சொன்னப்ப, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாம கூட வந்தே. இப்ப நம்ம புள்ள உன்னக் கூப்பிடுது. போயிட்டு வா.”

பொத்தானைச் சரியாகப் போட்டுவிட்டேன். அப்படியே அந்தச் சட்டையில் முகத்தைப் புதைத்து அழுதேன். பாவம், வேறு சட்டை மாற்ற வேண்டியதாகிவிட்டது.

ஏப்ரல் 22, செவ்வாய்

பெட்டி கட்டியாயிற்று. சமையலறை டப்பாக்களில் எல்லாம் பெயர் எழுதி ஒட்டினேன். “இதுல எது மொதல்ல அடுப்புல போடணும்?” என்று கேட்கிறார். கர்த்தரே, இந்த மனிதரைப் பார்த்துக்கொள்ளும்.

மே 9, வெள்ளி

முந்தாநாள் பேத்தி பிறந்தாள். வலி எடுத்தபோது பெரியவள் என் கையைப் பிடித்த பிடியில் மணிக்கட்டு இன்னும் வலிக்கிறது. வலித்தால் வலிக்கட்டும்.

மாலையில் அவர் கூப்பிட்டார். அவருடைய விசா வந்துவிட்டதாம், மூன்று வருஷத்துக்கு. இனி வர வேண்டியது என்னுடையதுதான். நான் இங்கே திங்கட்கிழமை விண்ணப்பிக்கப் போகிறேன். குழந்தையின் காதருகே போனைப் பிடிக்கச் சொல்லி, அவளுக்காக ஜெபித்தார். ஆமென் சொல்லி முடித்த பிறகும் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.