கஞ்சி ஆற ஊதும் மூச்சு

வடக்குத்து
வைகாசி, வெள்ளிக்கிழமை

அன்பு மகள் தமிழ்மொழிக்கு அம்மா அமிர்தம் எழுதுவது. ஒடிசாவில் நீயும் மாப்பிள்ளை அன்புச்செல்வனும் உன் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன், இங்கே நாங்கள் எல்லோரும் நல்லபடியாக இருக்கிறோம். முதலில் சந்தோஷ சேதியைச் சொல்லிவிடுகிறேன். உன் அண்ணன் மகன் அருண்பிரசாத் பத்தாவது தேறிவிட்டான், கணக்கில் அவன் பள்ளிக்கே முதல் மார்க். அவன் தங்கை சத்யா ஓட்டப்பந்தயத்தில் இரண்டாவது, முதலில் வந்த பெண்ணுக்கு ஒட்டகம் மாதிரி காலாம், அதனால் நம் பிள்ளைதான் முதல் என்று நான் தெருவில் சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை சூப்பர்வைசர் ஆனதும் நீ சயின்ஸ் டீச்சராக இருப்பதும் மார்க்கெட்டில் காய் விற்கிறவள் வரைக்கும் தெரியும், என் தலையைக் கண்டாலே இன்னிக்கி யாரு பாஸானாங்க ஆயா, சீக்கிரம் சொல்லிட்டுக் கத்திரிக்காய எடு என்கிறாள்.

இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் இப்போது சொல்லப்போகிற விஷயத்தைப் போனில் ஆரம்பித்தால் நீ நடுவில் புகுந்து வேணாம்மா வேணாம்மா என்பாய், நானும் சொல்ல வந்ததைப் பாதியில் விட்டுவிடுவேன். கடிதத்தில் முடிகிற வரைக்கும் நான் ஒருத்திதானே பேசுவேன். தலைப்பிரசவத்துக்கு இங்கே வரமாட்டேன், அங்கேயே ஆள் வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாய். போன தடவை வந்தபோது விடியற்காலையில் நான் சுவரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூமுக்குப் போனதைப் பார்த்துவிட்டு அப்படிச் சொல்கிறாய் என்று எனக்குத் தெரியும். இந்த முட்டியை வைத்துக்கொண்டு அம்மா நமக்குச் செய்வாளா, நாம் அவளுக்குச் செய்வோமா என்று நினைக்கிறாய். உன் நல்ல மனசு அது. ஆனாலும் நீ வரமாட்டேன் என்று சொன்ன அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

நீ அழுது அடம்பிடித்து என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாயே, அந்தப் புண்ணியத்தைத்தான் இப்போது எழுத வந்தேன். டாக்டர் மூட்டுத் தேய்மானம் என்று மாத்திரை கொடுத்தார், பிறகு பயிற்சி கொடுக்கிற பெண்ணிடம் அனுப்பினார். காலை நீட்டு மடக்கு என்பாள் என்று போனால் அவள் மூச்சு விடச் சொல்லிக்கொடுத்தாள். மூச்சுப் பயிற்சி என்றதும் நான் என்ன செய்தேன் தெரியுமா, வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்து விபூதி பூசிக்கொண்டு சாமி படத்துக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மூக்கை அடைத்து புஸ்புஸ்ஸென்று இழுத்தேன். உங்கப்பா எட்டிப் பார்த்து, என்னாடி பெல்ட் ஓடற சத்தம் கேக்குது, வூட்டுக்குள்ளியே மைன்ஸ் தொறந்துட்டியா என்று கேட்டார். பாவி மனுஷன், சுரங்க வேலையில் ரிட்டையர் ஆகியும் காதில் இன்னும் கரி ஏற்றுகிற பெல்ட்தான் ஓடுகிறது. எழுந்திருக்கப் போனால் முட்டி இரண்டும் நெருப்பு. அடுத்த தடவை போய்ச் சொன்னதற்கு அந்தப் பெண் தலையில் கையை வைத்துக்கொண்டு, உங்கள யாரும்மா சம்மணம் போடச் சொன்னது, சேர்ல உக்காந்துகினு செய்ங்க, முடியலன்னா படுத்துகினு செய்ங்க, மூக்கையும் அடைக்காதீங்க, சாமி ஒண்ணும் கோச்சுக்காது என்று சிரித்தாள்.

செய்கிறது இவ்வளவுதான். ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு வயிறு எழும்புகிற மாதிரி மெதுவாக இழுக்க வேண்டும், அடக்கக்கூடாது, பிறகு குழந்தைக்குக் கஞ்சி ஆற ஊதுவோமே அதுபோல இழுத்ததைவிட நிதானமாக விட வேண்டும். வலி வரப்போகிறது என்றாலே நாம் பல்லைக் கடித்து மூச்சைப் பிடித்துக்கொள்கிறோமாம், அதில் உடம்பு முழுக்க இறுகி வலி இரட்டிப்பாகிவிடுகிறதாம். யோசித்துப் பார்த்தேன், சரிதான், கட்டிலை விட்டு எழும்போதே என் தோள் காது வரைக்கும் ஏறியிருக்கும். வலி போய்விட்டது என்று உனக்குப் பொய் எழுத மாட்டேன். தேய்ந்தது தேய்ந்ததுதான், மாத்திரையும் உண்டு, நடையும் உண்டு. ஆனால் முன்பு வலி வந்தால் நானே இல்லை, வலிதான் இருந்தது. இப்போது அது ஒரு பக்கம் இருக்கிறது, நான் ஒரு பக்கம் என் வேலையைப் பார்க்கிறேன். தூக்கமும் வருகிறது. உன்னையும் அந்தப் பெண்ணையும் நினைக்காமல் நான் படுப்பதில்லை.

இப்போது கவனமாகக் கேள். அடுத்த வீட்டுச் சாமியம்மாள், பேத்தி பிறந்து வீட்டுக்கு வந்த சமயம் பார்த்து வழுக்கி விழுந்து கையில் கட்டுப் போட்டுக்கொண்டாள். ஏ அமிர்தம், கை கூடற வரைக்கும் கொழந்தைக்கு நீ வந்து தண்ணி ஊத்தேன் என்றாள். பயந்துகொண்டேதான் சரி என்றேன். உனக்குச் செய்ய முடியுமா முடியாதா என்பது இதில் தெரிந்துவிடுமே. உன் அண்ணி ஆதிலட்சுமி என்னைப் பிடித்துத் தரையில் உட்கார வைத்தாள். காலை நீட்டிப் பிள்ளையைக் கால்மேல் குப்புறப் போட்டேன். முதல் சொம்பு ஊற்றியதுமே முட்டி சுரீரென்றது, பல்லைக் கடித்தேன், கால் கட்டை மாதிரி விறைத்தது, பிள்ளை அந்தக் கத்து கத்தியது. அப்போதுதான் ஞாபகம் வந்து கஞ்சி ஆற ஊதினேன். இரண்டு மூச்சு, மூன்று மூச்சு, கால் தானாகத் தளர்ந்தது. அம்மாடி, அந்தப் பிள்ளை கன்னத்தை என் காலில் சாய்த்துக்கொண்டு கத்தலை நிறுத்திவிட்டது. சொம்பு சொம்பாக ஊற்றினேன், எனக்குக் கண்ணில் தண்ணீர்.

அத்தோடு விட்டால் பெருமையாகத்தான் இருக்கும். பிள்ளையைத் துவட்டிக் கொடுத்துவிட்டு எழுந்திருக்கப் போனால் முடியவில்லை. ஒரு பக்கம் சாயப் பார்த்தேன், சுவரைப் பிடிக்கப் பார்த்தேன், ஆகவில்லை. சாமியம்மாள் ஒற்றைக் கையால் இழுத்து அவளும் என்மேல் விழப் பார்த்தாள். வாசலில் இருந்த உங்கப்பா, கிரேனுக்குச் சொல்லட்டுமா என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, போச்சு, மகள் சொன்னது சரிதான் என்று அப்படியே உட்கார்ந்திருந்தேன். அப்போது உன் அண்ணி வந்து பின்னால் நின்று அக்குளில் கை கொடுத்து, அத்த, மூச்ச இழுங்க, வுடும்போது தூக்கறேன், நீங்களா எழாதீங்க என்றாள். விட்டேன், பூ மாதிரி தூக்கி நிறுத்திவிட்டாள். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. தமிழு வரட்டும் அத்த, தண்ணி ஊத்தறது நீங்க, தூக்கிவுடறது நானு, இதுக்குப் போயி மொகத்த ஏன் தொங்கப் போட்டுகினு இருக்கீங்க என்றாள். சாமியம்மாள் கை கூடுகிற வரைக்கும் தினமும் அப்படித்தான் செய்தோம். ஒரு நாளும் தவறவில்லை.

ஆகையால் மகளே, உன் அம்மாவால் தனியாக முடியாது, அது உண்மை. ஆனால் இந்த வீட்டில் நான் தனியாக இல்லை. மருமகளாக வந்தவள் மகளாக நிற்கிறாள், வலியைத் தாங்க ஒரு வழி சொல்லிக்கொடுத்த பெண் இருக்கிறாள், கிரேன் கூப்பிட உங்கப்பா இருக்கிறார். இதைவிட எனக்கு என்ன வேண்டும். டாக்டரைக் கேட்டுப் பயணத்துக்குச் சரி என்ற தேதியில் மாப்பிள்ளையைக் கொண்டுவந்து விடச் சொல், வளைகாப்பை இங்கேயே வைத்துக்கொள்வோம். இதே மூச்சு பிரசவ வலிக்கும் கை கொடுக்கும் என்று அந்தப் பெண் சொன்னாள், இப்போதே பழகிக்கொள், அடக்காதே. தண்ணீர்க் குடத்தை மாப்பிள்ளை தூக்கட்டும், சூப்பர்வைசர் ஆனால் குடம் தூக்கக்கூடாது என்று ஒன்றும் இல்லை.

பிரசவம் நல்லபடியாக ஆகி, நீ மாப்பிள்ளையோடு நூறு வயசு வாழ உங்கப்பாவும் நானும் மனசார வாழ்த்துகிறோம். முக்கியமாக ஒன்று, வயிறு தெரிய நின்று ஸ்டூடியோவில் ஒரு புதுப் போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு. செல்போனில் வருவது உங்கப்பா விரல் பட்டால் எங்கேயோ ஓடிவிடுகிறது. கண்படும் என்று யாராவது சொன்னால் நான் சுற்றிப் போட்டுவிடுகிறேன். போட்டோ முன்னால் வரட்டும், நீ பின்னாலேயே வந்துவிடு.

இப்படிக்கு,
உன் வரவை எண்ணி இருக்கும் அம்மா
சி. அமிர்தம்