ஒரு குடும்பத்துக்கு ஒரு விலாசம்

நெப்ராஸ்கா
மார்ச் 3, 1997

அன்புள்ள நடீன் அக்காவுக்கு,

நலம்தானே? டெஸ் பல்வலியில் ராத்திரி முழுக்க அழுகிறாள் என்று எழுதியிருந்தாய். படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இங்கேயே கூட்டிக்கொண்டு வா. நான் வேலை பார்க்கும் பல் டாக்டர் ஹால்வர்சனிடம் கேட்டுவிட்டேன். "உன் அக்கா மகளுக்குப் போய் காசு வாங்குவேனா?" என்றார். பன்னிரண்டாம் தேதி புதன்கிழமை, காலை பத்து மணி. ட்வைட் புதன்தோறும் தானிய லாரியோடு ஒமாஹா போய்விடுகிறான். நீ அவனை விட்டுப் போனபின் எங்கே இருக்கிறாய் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. எனக்கே உன் தபால்பெட்டி எண்தானே தெரியும்!

கல்லூரியில் அலுவலக நிர்வாகப் படிப்பு கடைசிப் பருவத்துக்கு வந்துவிட்டது. வகுப்பு கிடையாது, ஒவ்வொருவரும் தனியாக ஒரு திட்டம் செய்து காட்ட வேண்டும். நாற்பது வயதில் உனக்கு இது தேவையா என்று சிரிக்காதே. என் திட்டத்தால், எங்கள் டாக்டர் நோயாளிகளுக்கு அனுப்பும் நினைவூட்டல் அட்டைகளை இனி கம்ப்யூட்டரே அச்சடிக்கும். ஆளுக்கொரு தடவை விலாசம் ஏற்ற வேண்டாம், ஒரு குடும்பத்துக்கு ஒரு விலாசம் போதும் என்று வைத்தேன். என் சொந்த யோசனை! ஆசிரியை ப்ரூக்ஸ் அசந்துபோனார்.

உன் தங்கை,
மார்லா

மார்ச் 6

அன்பு மார்லா,

அந்த ஊர்ப் பக்கமே இனி வரக்கூடாது என்றிருந்தேன். ஆனால் குழந்தைக்குக் கன்னம் வீங்கிவிட்டது, என் கையிலும் ஒன்றுமில்லை. வருகிறோம். யாரிடமும் மூச்சுவிடாதே, உனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"சித்தி ஐஸ்கிரீம் வாங்கித் தருவாங்களா?" என்று டெஸ் இப்போதே ஆரம்பித்துவிட்டாள். "பல்லைப் புடுங்கப் போறாங்கடி, ஐஸ்கிரீமாம்!" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து ரொம்ப நாளாயிற்று.

நடீன்

மார்ச் 10

அக்கா,

வராதே. தயவுசெய்து வராதே.

இன்று ஆபீஸில் போன் அடித்தது, நான்தான் எடுத்தேன். "என்ன மார்லா, சௌக்கியமா? கார்டு வந்துச்சு. டெஸ்ஸுக்குப் புதன்கிழமை பத்து மணி, சரிதானே?" ட்வைட்! அவ்வளவு சாந்தமான குரல். "இல்ல, அது தப்பா அச்சாயிடுச்சு" என்று உளறினேன். "பரவாயில்ல, நானும் ஒரு எட்டு வந்து பாக்கறேன்" என்று வைத்துவிட்டான்.

டெஸ் பெயரை நான்தான் ஏற்றினேன். அவளுடைய பழைய மருத்துவக் காப்பீடு அப்பா பெயரில் இருந்ததால், கம்ப்யூட்டர் அவளை அவன் குடும்பத்தில் சேர்த்துவிட்டது. அந்தக் குடும்பத்துக்கு இருந்த ஒரே விலாசம் அவனுடையது. வெள்ளிக்கிழமை அட்டைகளைக் கட்டாகத் தபாலில் போட்டேன், பெயரைக்கூடப் பார்க்கவில்லை.

ஷெரீப்பிடம் ஓடினேன். "பெத்த புள்ளைய டாக்டர்கிட்ட வந்து பாக்கறது குத்தமாம்மா?" என்கிறார். உன்னிடம் போனும் இல்லை. தபால்பெட்டி ஒரு ஊரில், நீ எந்த ஊரிலோ. இந்தக் கடிதம் முந்துமா என்று தெரியவில்லை. புதன் விடிந்ததிலிருந்து நெடுஞ்சாலை திரும்பும் இடத்தில், பெட்ரோல் பங்க் வாசலில் நிற்பேன். என் சிவப்புக் கோட்டைப் பார்த்ததும் அப்படியே திரும்பிப் போய்விடு. 

மார்லா

மார்ச் 15

மார்லா,

உன் கடிதம் வியாழக்கிழமைதான் கிடைத்தது. பயத்தில் நான் நெடுஞ்சாலையை விட்டு வயல் பாதையாக வந்தேன், அதனால் உன்னைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தேன். டாக்டர் வாசலில் சவரம் செய்து, தலைவாரி, கையில் ஒரு பொம்மைக் கரடியோடு நின்றான். டெஸ் கார் கண்ணாடியைத் தட்டினாள். "அப்பாம்மா! வண்டிய நிறுத்தும்மா, அப்பா!" அவள் தலையைப் பிடித்துக் கீழே அழுத்தினேன். கன்னம் வீங்கியிருப்பது அப்போது ஞாபகமில்லை. குழந்தை அலறிய அலறல் இன்னும் காதிலேயே இருக்கிறது. நிற்காமல் ஓட்டிப் போய்விட்டேன்; இரவல் கார் என்பதால் அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

பல்லை வேறொரு ஊரில் பிடுங்கியாயிற்று. எந்த ஊர் என்று எழுதமாட்டேன். இந்தத் தபால்பெட்டியும் இன்றோடு சரி.

அக்காவுக்கு என்மேல் கோபம் என்று அழுவாய். சத்தியமாகக் கோபமில்லை, மார்லா. பயமாக இருக்கிறது. அவனுக்குப் பயப்பட்ட மாதிரி இப்போது உனக்கும், நீ எங்கள்மேல் வைத்த பாசத்துக்கும் பயப்படுகிறேன். மன்னித்துவிடு. படிப்பை மட்டும் விட்டுவிடாதே.

டெஸ் உனக்காக ஒரு படம் வரைந்தாள். எங்கள் வாசல், தெரு, பக்கத்துக் கடையின் பெயர்ப்பலகை எல்லாம் அழகாக வரைந்திருக்கிறாள். அதை அனுப்பவில்லை.

நடீன்