காதில் இறங்கிய பூசணம்

ஆகஸ்ட் 4, திங்கள்
காலையிலிருந்து தூறல். தோல் கிடங்கு முழுக்க ஈரம். குரோம் ஏற்றிய நீலத் தோல் செக்கிங். மூன்று கட்டுகளில் கறுப்புப் புள்ளி. கிடங்கு ஆள் பஷீர் துணியால் மேலே துடைத்து அடுக்கி வைத்திருக்கிறான். "போய்ட்ச்சு சார்" என்கிறான். எங்கே போச்சு? பூசணம் உள்ளே இறங்கியிருக்கிறது. பதினோரு வருஷமாக இங்கே தோலைத் தொடுகிறவன், இது தெரியாதா? இவனுக்கெல்லாம் சம்பளம் ஒரு கேடு. எல்லார் முன்னாலும் சொன்னேன்.

இடது காதில் அரிப்பு. பட்ஸ் விட்டுக் குடைந்தேன். மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்கணும்.

ஆகஸ்ட் 9, சனி
வலி. இட்லியைக்கூட மெல்ல முடியவில்லை. ஆம்பூரில் ஒரு டாக்டர், என் மகனைவிட சின்னவன். பார்த்தது ரெண்டு நிமிஷம். "சுகர் இருக்கா?" இல்லை என்றேன். இருக்கு என்றால் எல்லாவற்றையும் அதன் தலையில் கட்டிவிட்டு உட்கார்ந்துகொள்வார்கள், சோம்பேறிகள்.

வெளியே வந்ததும் வசந்தா: "எதுக்குங்க பொய் சொன்னீங்க?" பெண்டாட்டிக்கு எதற்கு டாக்டர் வேலை.

சீட்டில் நான் மெடிக்கலில் வாங்கிய அதே சொட்டு மருந்து, வேறு பெயரில்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு
சொட்டு விட விட வலி ஜாஸ்தி. தூக்கமில்லை. பட்ஸில் கறுப்பாகப் பொடி. தினம் துடைத்துவிடுகிறேன். துடைத்தால் சுத்தம். வேலூருக்குப் போய்டலாம் என்று வசந்தா நச்சரிப்பு. அங்கே மட்டும் என்ன வானத்திலிருந்து குதித்தவர்களா?

ஆகஸ்ட் 21, வியாழன்
வாய் கொப்பளித்தேன், தண்ணீர் தானாக இடது பக்கம் ஒழுகியது. கண்ணாடியில் பார்த்தால் வாய் கோணல். இடது கண் மூடவில்லை. பயந்துவிட்டேன். வேலூர் பஸ்.

ஆகஸ்ட் 27, புதன்
வார்டு. டாக்டரம்மாவும் சின்னப் பெண்தான், கறாரான பேச்சு. சுகர் விஷயத்தை வசந்தா முதல் நாளே போட்டு உடைத்துவிட்டாள். காதுக்குள்ளிருந்து சதை எடுத்து டெஸ்ட். பூஞ்சை. ஸ்கேனில் எலும்பு வரைக்கும். நான் விட்ட சொட்டு மருந்து பூஞ்சையைத் தொடவே தொடாதாம், வளர இடம்தான் கொடுத்ததாம். இனி மாதக்கணக்கில் மாத்திரை, சுகர் இறங்கணும், காதில் தண்ணீர் படக்கூடாது.

"முகம் சரியாய்டுமா?"

"இப்ப சொல்ல முடியாது. முன்னாடியே வந்திருந்தா..." பாதியில் நிறுத்திக்கொண்டாள். திட்டியிருக்கலாம்.

ஆகஸ்ட் 28, வியாழன்
பஷீர் வந்தான், சாத்துக்குடியோடு. என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தே பேச்சு.

"இன்னா சார் ஆச்சு?"

"காதுல பூசணம். உள்ள இறங்கிட்ச்சு."

"ஆரம்பத்துல ஒண்ணும் தெரியலையா சார்?" கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டான்.

தெரிந்தது, துடைத்தேன் என்றேன்.